கெர்னல் ஹெடர்களும் பயனர் நிரல்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லினக்ஸில் சி மொழியில் நிரல் எழுதி வருகிறேன். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் புதிய பதிப்பில் வந்த ஒரு சிஸ்டம் காலை (நிரல் கெர்னலிடம் சேவை கேட்கும் அழைப்பு) பயன்படுத்த விரும்பியபோது, என் கணினியிலிருந்த ஹெடர் கோப்புகளில் (வரையறைகள் அடங்கிய கோப்புகள்) அதன் எண் இல்லை. எனவே அந்தக் கெர்னலின் மூலநிரலைத் தரவிறக்கி, கணினியின் ஹெடர் கோப்புறையிலிருந்து அதற்கு ஒரு சிம்பாலிக் லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு) கொடுத்துவிட்டேன். நிரல் கம்பைல் ஆகி ஓடவும் செய்கிறது. ஆனால் இது தவறு என்கிறார் உடன் பணியாற்றும் நண்பர். ஓடுவது அதே கெர்னல் எனும்போது அதன் ஹெடர்களையே எடுத்துக்கொள்வதில் என்ன பிழை?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதே சரி. நீங்கள் செய்தது ஒரு காலத்தில் லினக்ஸ் வெளியீடுகள் (டிஸ்ட்ரோக்கள்) பலவற்றில் வழக்கமாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைக் கைவிடும்படி வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். கணினியிலுள்ள சி நூலகம் எந்த ஹெடர்களைக் கொண்டு கம்பைல் செய்யப்பட்டதோ, அவையே அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

உங்கள் நிரல் பெரும்பாலும் கெர்னலோடு நேராகப் பேசுவதில்லை. சி நூலகத்தோடுதான் பேசுகிறது. இவ்விரண்டும் ஒரே பெயருக்கு வெவ்வேறு வடிவங்களை வைத்திருக்கின்றன. சிக்னல்களின் (நிரலுக்கு அனுப்பப்படும் அறிவிப்புகள்) தொகுப்பைக் குறிக்கும் வகை எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி செயலி வகை) கெர்னலுக்குள் 64 பிட், லினக்ஸில் பரவலாகப் பயன்படும் சி நூலகமான ஜிலிப்சியில் 1024 பிட். ஒரு கோப்பில் கெர்னலின் வரையறையும் மற்றொன்றில் நூலகத்தின் வரையறையும் நுழைந்துவிட்டால், 8 பைட் ஒதுக்கிய இடத்தில் 128 பைட் எழுதப்படும். தனித்தனியாகக் கம்பைல் ஆகும் கோப்புகளுக்கிடையே உள்ள இந்த முரணைக் கம்பைலர் காண்பதில்லை.

இதைவிடக் கொடியது, கெர்னலின் உட்பகுதிக்கென எழுதப்பட்டவை நிரல்களுக்குள் கசிவது. அணுநிலைச் செயல்களுக்கான (இடையில் குறுக்கீடின்றி முழுதாக நிகழ்பவை) கெர்னல் ஹெடரைப் பலர் தங்கள் நிரல்களில் சேர்த்துக்கொண்டார்கள். எக்ஸ்86இல் பல செயலிகளுக்கென அமைக்கப்பட்ட கெர்னலில் மட்டுமே அந்த ஹெடர், மற்றச் செயலிகள் குறுக்கிடாமல் தடுக்கும் பூட்டு முன்னொட்டைக் கட்டளைகளில் சேர்த்தது. ஒற்றைச் செயலி அமைப்பில் கம்பைல் செய்த நிரலைப் பல செயலிகளுள்ள கணினியில் ஓட்டினால், எண்ணிக்கைகள் எப்போதாவது ஒருமுறை, யாரும் மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியாதபடி தவறிப்போகும். பிழை தேடுபவரை இவ்வளவு வதைப்பது வேறொன்றில்லை. கெர்னல் கடிகாரத்தின் அதிர்வெண்ணைச் சொல்லும் மாறிலியும் இப்படித்தான்: எக்ஸ்86இல் 2.4 வரிசையில் 100 ஆக இருந்தது 2.6இல் 1000 ஆனது. நிரல்களுக்குக் கெர்னல் காட்டும் அலகோ 100ஆகவே தொடர்ந்தது. அதை ஹெடரிலிருந்து எடுக்காமல், ஓடும்போது சிஸ்கான்ஃப் என்னும் நூலகச் செயற்கூறு வழியே கேட்டறிவதே முறை.

கெர்னல் தன் சிஸ்டம் கால்களை மாற்றாமல் காப்பதாக நிரல்களுக்கு வாக்களிக்கிறது. தன் உள்ளமைப்புக்கு அப்படி எந்த வாக்கும் தருவதில்லை. வாக்களித்தவற்றை மட்டும் வடிகட்டித் தரும் ஹெடர்ஸ் இன்ஸ்டால் வசதி 2006இல் 2.6.18 பதிப்புடன் வந்தது. 2012இல் 3.7 பதிப்பில் கெர்னல் நிரலாளர் டேவிட் ஹவல்ஸ் வெளிக்குரியவற்றை யூஏபிஐ (பயனர் நிரல்களுக்கான இடைமுகம்) என்னும் தனிக் கோப்புறைக்கே நகர்த்தினார். வடிகட்டிய பிறகும் உரசல் முற்றாக நீங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022இல் வெளிவந்த ஜிலிப்சி 2.36இல் மவுன்ட் (கோப்பு முறைமைகளை இணைத்தல்) தொடர்பான நூலக ஹெடரும் கெர்னல் ஹெடரும் ஒன்றோடொன்று மோதின.

எனவே அந்த லிங்கை நீக்கிவிட்டு, உங்கள் வெளியீடு தரும் ஹெடர் தொகுப்பை மீண்டும் நிறுவுங்கள். புதிய எண் தேவையென்றால், புதிய மூலநிரலில் ஹெடர்ஸ் இன்ஸ்டாலை இயக்கி, வரும் கோப்புகளை உங்கள் திட்டத்துக்குரிய தனிக் கோப்புறையில் வைத்து, கம்பைலருக்கு அந்தப் பாதையைக் காட்டுங்கள். ஹெடரில் எண் இருப்பதாலேயே ஓடும் கெர்னலில் அந்த வசதி இருக்கிறது என்றாகாது. உங்கள் நிரல் நாளை பழைய கெர்னலிலும் ஓடக்கூடும் என்பதால், ஈநோசிஸ் பிழை (அந்தச் சிஸ்டம் கால் இங்கு இல்லை என்பது) திரும்பினால் மாற்றுவழிக்குச் செல்லும்படி எழுதுங்கள்.

நீங்கள் எழுதுவது கெர்னல் மாட்யூலாக இருந்தால் மட்டும் விதி வேறு. மாட்யூல் கெர்னலின் உள்ளேயே ஓடுவதால், அது எந்தக் கெர்னலில் ஏற்றப்படுமோ அதன் முழு ஹெடர்களையும் அமைப்புக் கோப்பையும் கொண்டே கம்பைல் செய்யப்பட வேண்டும். அவற்றுக்கான பாதை, மாட்யூல்கள் இருக்கும் கோப்புறையில் கெர்னல் பதிப்பின் பெயரின் கீழ் பில்ட் என்னும் லிங்காக இருக்கும்.