ஞாயிற்றுக்கிழமை தானாக வந்ததா?

கேள்வி: ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உடம்பும் மனதும் ஓய்ந்துவிட்டன. ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து வீட்டில் இருக்க நினைக்கிறேன். நிறுவனமும் சரி என்கிறது. ‘வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை வருகிறதே, அது போதாதா?’ என்று கேட்கிறார் மாமனார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: எடுங்கள் அம்மா. உங்களுக்கான பதில் அவ்வளவுதான். மீதியெல்லாம் உங்கள் மாமனாருக்கு.

ஞாயிற்றுக்கிழமை ‘வருகிறது’ என்கிறாரே பெரியவர், அது தானாக வந்ததல்ல. பம்பாய்ப் பஞ்சாலைகளில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நின்ற தொழிலாளர்களுக்கு உறுதியான வார விடுமுறை கிடையாது. ஜோதிராவ் புலே தொடங்கிய சாதி எதிர்ப்பு இயக்கமான சத்தியசோதக் இயக்கத்தில் வளர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே அவர்களைத் திரட்டினார். 1884இல் 5,500 பேர் கையெழுத்திட்ட மனு போனது. ஞாயிறு விடுமுறை வேண்டும், நண்பகலில் அரைமணி நேரம் இடைவேளை வேண்டும், மாதச் சம்பளம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று கேட்டார்கள். இதில் எது பேராசை? ஆனாலும் முதலாளிகள் மனம் இறங்க ஆறு ஆண்டுகள் ஆயின. 1890 ஏப்ரலில் நடந்த கூட்டத்துக்குப் பத்தாயிரம் பேர் வந்தார்கள். பெண் தொழிலாளர்கள் இருவர் எழுந்து பேசினார்கள். அந்த ஆண்டு ஜூன் 10 அன்று ஞாயிறு விடுமுறைக்கு ஆலை முதலாளிகள் சம்மதித்தார்கள். லோகண்டே ‘தீனபந்து’ என்ற மராத்திப் பத்திரிகையை நடத்தியவர். என் தொழில்காரர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று இந்தப் பகுதியில் பலமுறை கேட்டாயிற்று, ஒதுக்கும்வரை கேட்பேன்.

அப்படிப் போராடி வாங்கிய நாளின்மேல் இன்னமும் சிலருக்குக் கண். ஞாயிற்றுக்கிழமைகளிலும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்துவதாக எல் அண்டு டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் தம் ஊழியர்களிடம் பேசியது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டிருந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவரவர் வீடு, அவரவர் மனைவி. அந்த மனைவியும் வாரம் முழுக்க அலுவலகம் போய்வந்து அலுத்திருப்பாள் என்ற நினைப்பே அந்தப் பேச்சில் இல்லை. நம் ஊரும் சளைத்ததல்ல. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகே, மே 1 அன்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி அப்போது சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி உங்களிடம் வருகிறேன். விடுப்பு எடுத்த சேதி பரவிய மறுநாளே ‘நீதான் வீட்டில் இருக்கிறாயே’ என்ற மந்திரம் ஒலிக்கத் தொடங்கும். மாமனாரின் பட்டா மாறுதலுக்குத் தாலுகா அலுவலகம் போக நீங்கள்தான். பெரியத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும், நாத்தனார் மகளின் சீமந்தத்துக்கு வளையல் வாங்கவும், கொழுந்தன் ஊருக்குப் போகிற வாரத்தில் அவர் வீட்டு நாயைப் பார்த்துக்கொள்ளவும் நீங்கள்தான். அடுக்ககச் சங்கத்தில் ஓராண்டாக ஆள் கிடைக்காத செயலாளர் பதவி தானாக உங்கள் மடியில் வந்து விழும். தண்ணீர் லாரி வராத அன்று நான்கு மாடிக்காரர்களும் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். இரண்டாவது வாரத்தில் யாரோ ஒருவர், இனி சமையலுக்கு ஆள் எதற்கு என்று கேட்பார். அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். சமையலுக்கு வரும் அம்மாவை நிறுத்தச் சம்மதித்தீர்களானால் உங்கள் விடுப்பு அன்றோடு முடிந்தது. அலுவலகத்தில் விட்ட எட்டு மணி நேரம் அடுப்படியில் பதினாறாக வந்து நிற்கும். அந்த அம்மாவின் பிழைப்பும் போகும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கும்போது அவருடைய சம்பளத்தை முதல் வரியில் எழுதுங்கள்.

நிறுவனம் ‘சரி’ என்றதைக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ‘விடுப்பு’ என்றே இருக்க வேண்டும். ராஜினாமா செய்துவிட்டுப் போங்கள், திரும்பி வரும்போது சேர்த்துக்கொள்கிறோம் என்றால் இசையாதீர்கள். பணித் தொடர்ச்சி அறுந்து, பணிக்கொடைக் கணக்கு மறுபடி முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கும். குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு அந்த ஆறு மாதமும் நீடிக்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது ‘சம்பளமில்லா’ என்பதுதான். நீண்ட ஓய்வுக்குச் சம்பளம் கொடுப்பது உலகம் காணாத புதுமையா? ஏழாண்டுக்கு ஒருமுறை பாதிச் சம்பளத்துடன் ஓராண்டு விடுப்பு என்ற ஏற்பாட்டை ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1880லேயே தொடங்கியது. சமஸ்கிருத அறிஞர் சார்லஸ் லான்மனைத் தன் பக்கம் இழுக்கச் சொன்ன ஆசைகளுள் அதுவும் ஒன்று. நம் பல்கலைக்கழகங்களிலும் பேராசிரியர்களுக்கு இந்த விடுப்பு உண்டு. படித்தவர்களோடு நின்றுவிட்டால் அதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி இல்லை. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். கப்பலில் தாய்நாடு போய்த் திரும்ப மாதங்கள் ஆகுமே என்று 1860களில் காலனி அரசு அலுவலர்களுக்குக் கொடுத்த நீண்ட விடுப்பு, இன்று கடையில் பில் போடுகிறவருக்கும் சட்டப்படியான உரிமை. நியூ சவுத் வேல்ஸில் ஒரே முதலாளியிடம் பத்தாண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் இரண்டு மாதம்.

நம் கடலுக்கே ஆண்டுதோறும் 61 நாள் ஓய்வு கொடுக்கிறோமே! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன் இனம் பெருக வேண்டும். அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. தொகை போதாது, ஆனால் கொள்கை சரி. ஓய்வு அவசியமென்றால் அந்த நாட்களுக்கு அடுப்பெரியவும் வழி செய்ய வேண்டும் என்பதை மீன் விஷயத்தில் ஒப்புக்கொண்ட நாம், மனிதர் விஷயத்தில் ஏன் மறுக்கிறோம்?

ஜவுளிக் கடைகளில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண்களைப் பாருங்கள். ஒரு சேலை விற்க நாற்பது சேலைகளை விரித்துக் காட்டுகிறார்கள். வாங்க வந்தவர் வாங்காமல் போனபின் நாற்பதையும் மடித்து அடுக்குகிறார்கள். மாலையில் கணுக்கால் வீங்கிச் செருப்பின் வார் பதிந்துகிடக்கும். சில ஆண்டுகளில் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்துவிடும். இவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கேரளம் 2018லேயே செய்த திருத்தம் அது. ஆறு மாத விடுப்பெல்லாம் அப்புறம். ஐந்து நிமிடம் உட்காருவதற்கே ஒரு சட்டம்! அந்தச் சட்டமும் பல கடைகளின் வாசலைத் தாண்டவில்லை. முதுகைச் சற்று அலமாரியில் சாய்த்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறார்.

உங்களுக்கு ஆறு மாதம் கையில் இருக்கிறது. முதல் மாதம் தூங்குங்கள். யார் என்ன சொன்னாலும் தூங்குங்கள். பிறகு எப்போதாவது சேலை எடுக்கப் போனால், அந்தப் பெண்களுக்கு இருக்கை போட்டிருக்கிறார்களா, உட்கார விடுகிறார்களா என்று பாருங்கள். போடவில்லையென்றால் முதலாளியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மாமனாரையும் உடன் அழைத்துப் போங்கள். பெரியவர்கள் கேட்டால் கடைக்காரர்கள் பதில் சொல்வார்கள். என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.