வாசகர் கேள்வி, அருள்தந்தை பதில்: தங்கையின் பங்கு

கேள்வி: சாமி, எங்கள் அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். ஒரு தென்னந்தோப்பும் வீடும் இருந்தன. பிள்ளைகள் நானும் தங்கையும் மட்டும்தான். அம்மாவும் போன பிறகு, முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்த தங்கையிடம் பாங்கிக் கடனுக்குக் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். என்னை நம்பி அவள் அதைப் படித்துப் பார்க்கவில்லை. இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, அதாவது கோவிலில் ஒரு சாமியிடம் பாவங்களை அறிக்கையிட்டபோது, “சொத்து விஷயத்தில் தவறு செய்தேன்” என்று சொன்னேன். அந்தச் சாமி பாவமன்னிப்புக் கொடுத்து, சிலுவைப்பாதைச் செபம் செய்யச் சொன்னார். செய்துவிட்டேன். “கடவுளே மன்னித்த பிறகு பழையதைக் கிளறி உறவை ஏன் கெடுக்க வேண்டும்?” என்கிறாள் மனைவி. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.
(பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: சகோதரரே, தங்கையின் பாதியை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொடுங்கள்.

அந்தச் சாமி தோப்பைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அவர் காதில் விழுந்த வாக்கியத்தில் தோப்பும் இல்லை, தங்கையும் இல்லை. கனமான பாவங்களை இன்ன பாவம், இத்தனை முறை என்று சொல்ல வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 988ஆம் எண். நோகடிப்பதற்காக வைத்த சட்டம் இல்லை அது. நோய் இன்னதென்று தெரியாமல் வைத்தியர் என்ன மருந்து கொடுப்பார்? வேண்டுமென்றே மறைத்திருந்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது. வெட்கத்தில் வாய் வராமல் போயிருந்தால், ஆண்டவர் உங்கள் மனத்தை அறிவார். எதுவாக இருந்தாலும் திரும்பப் போய், தங்கையை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினேன் என்று அப்படியே சொல்லுங்கள்.

என் அம்மா மண்ணெண்ணெய் விளக்கடியில் எங்களை உட்காரவைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (பாவத்துக்காக மனம் வருந்துவது), பிரதிக்கினை (உறுதி எடுப்பது), பாவங்களை வெளிப்படுத்துவது, அபராதம் தீர்ப்பது (சாமி சொன்ன பரிகாரத்தைச் செய்வது). நீங்கள் கடைசி இரண்டோடு நின்றுவிட்டீர்கள். பிரதிக்கினை என்பது இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்வதோடு முடிகிறதா? எடுத்தது இன்னும் கையில் இருக்கும்போது, அதைத் திருப்பித் தரும் எண்ணமும் அதற்குள் அடக்கம். அந்த எண்ணம் இல்லாவிட்டால் மனஸ்தாபமே குறைப்பட்டுவிடுகிறது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 1459ஆம் எண்ணில் இதைத்தான் சொல்கிறது. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும். பாவத்தால் விளைந்த கேடுகள் எல்லாவற்றையும் அது சரிசெய்துவிடாது. திருடியதைத் திருப்பித் தருவதும் கெடுத்த பெயரை மீட்டுக் கொடுப்பதும் பாவம் செய்தவனுடைய வேலை.

வரி வசூலித்துப் பணக்காரனான சக்கேயுவின் கதையை இன்னொரு முறை வாசியுங்கள், லூக்கா 19ஆம் அதிகாரம். இயேசு அவன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார். பணத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. சக்கேயு தானாக எழுந்து நிற்கிறான். உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நான்கு மடங்கு என்கிறான். இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்று இயேசு சொல்வது அதைக் கேட்ட பிறகுதான். அன்பு முதலில் வந்தது, இலவசமாக வந்தது. அது உண்மையாகவே உள்ளே நுழைந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அந்த நான்கு மடங்கு.

உங்கள் மாவட்டத்தில் இந்த அநியாயத்துக்கு ஒரு பழைய பழக்கம் துணை நிற்கிறது. திருவிதாங்கூர் ஆட்சியில் 1916இல் வந்த கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம், மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதை மட்டும் மகளுக்கு வைத்தது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. 1986இல் கேரளத்துப் பெண்மணி மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 முதலே அந்தச் சட்டம் செல்லாது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. சட்டம் மாறி இத்தனை காலமாகியும், “நகை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டோமே” என்ற பேச்சு நம் வீடுகளில் ஓயவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர்கள்கூட இதைப் பாவமாகவே நினைப்பதில்லை. எனக்கு இது பெரிய வேதனை. கூடப்பிறந்தவளுடைய சோற்றை எடுத்துக்கொண்டு அதற்குக் குடும்ப வழக்கம் என்று பெயர் வைக்கிறோம்.

இனி எப்படிச் செய்வது என்று பார்ப்போம். நல்ல வழக்கறிஞரிடமோ ஆவண எழுத்தரிடமோ முதலில் கேளுங்கள். குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. இத்தனை காலத் தேங்காய் வெட்டுப் பணத்தில் செலவு போக மிஞ்சியதிலும் பாதி அவளுடையது. கையில் இல்லையென்றால் தவணையாகக் கொடுங்கள். பெயரைக் காட்டாமல் திருட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைத் திருச்சபை அனுமதிக்கிறது; சாமியார் கையிலேயே கொடுத்தனுப்புகிறவர்கள் உண்டு. ஆனால் உங்கள் காரியம் பத்திரத்தில் இருக்கிறது. நேரில்தான் போக வேண்டும்.

மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். “பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், கடவுள் என்னை மன்னித்துவிட்டார்” என்று பேச்சைத் தொடங்காதீர்கள். அவளுடைய வாயை அடைப்பதற்குக் கடவுளைத் துணைக்கு அழைத்ததுபோல் ஆகிவிடும். செய்ததைச் சொல்லுங்கள், பத்திரத்தைக் காட்டுங்கள். திட்டுவாள், அழுவாள், ஒருவேளை நீண்டகாலம் பேசாமலும் இருப்பாள். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். “எனக்கு வேண்டாம் அண்ணா, நீயே வைத்துக்கொள்” என்று அவள் சொன்னால் அது அவள் கொடுக்கும் தானம். உண்மை தெரிந்த பிறகு கொடுத்தால்தான் அது தானம். அப்போதும் ஒருமுறை வற்புறுத்திப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரியில் என் தோழன், “மனிதனிடம் போய் ஏன் பாவத்தைச் சொல்கிறாய்? நேராகக் கடவுளிடம் சொன்னால் போதாதா?” என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது, ஃபாதர்?
(மாணவர், திருநெல்வேலி)

பதில்: நேராகக் கடவுளிடம் சொல்லலாம் தம்பி, தினமும் சொல்ல வேண்டும். ஆனால் பூசையின் தொடக்கத்தில் என்ன சொல்கிறோம் என்று கவனித்திருக்கிறாயா? “எல்லாம் வல்ல இறைவனிடமும், சகோதர சகோதரிகளே, உங்களிடமும் நான் பாவியென்று ஏற்றுக்கொள்கிறேன்.” பாவம் கடவுளையும் தொடுகிறது, பக்கத்தில் நிற்பவரையும் தொடுகிறது. உயிர்த்த அன்று மாலை இயேசு சீடர்கள்மேல் ஊதி, நீங்கள் யாருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்றார். யோவான் 20:23. சாமியார் அங்கே உட்கார்ந்திருப்பது இந்த வார்த்தையை நம்பித்தான். தன்னுடைய புண்ணியத்தை நம்பி இல்லை. அவரும் இன்னொரு சாமியாரிடம் போய் முழங்காலில் நிற்கிறவர்தான்.

இதன் உருவம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. தொடக்கத் திருச்சபையில் கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்றவற்றுக்கு எல்லார் முன்னிலையிலும் தவம் செய்ய வேண்டும், அதுவும் வாழ்நாளில் ஒருமுறைதான். 390இல் தெசலோனிக்காவில் மக்களைப் படுகொலை செய்வித்த பேரரசன் தியோடோசியுசையும் மிலான் ஆயர் அம்புரோஸ் அப்படித் தவம் செய்யவைத்தார். தனியாக, தேவைப்படும்போதெல்லாம் பாவத்தை அறிக்கையிடும் வழக்கத்தை ஐரோப்பாவில் பரப்பியவர்கள் ஐரிஷ் துறவிகள். ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்று விதித்தது 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர் பேரவை.

நம் கரைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. முத்துக்குளித்துறை (தூத்துக்குடிக் கடற்கரை) மக்களுக்காக உழைத்த போர்த்துக்கீசியக் குரு அன்றீக்கஸ் அடிகளார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட தமிழ் நூல், பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூல்தான். தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களில் ஒன்று அது. கடலுக்குப் போகிறவன் தன் சொந்த மொழியில் மனத்தைத் திறக்க வேண்டும் என்று அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கேள்வி: நான் இந்து. ஒருவன் கொலை செய்ததாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால், நீங்கள் போலீசிடம் சொல்வீர்களா?
(வாசகர், மதுரை)

பதில்: சொல்ல மாட்டேன் ஐயா. வார்த்தையாலும் சாடையாலும் எந்தக் காரணத்துக்காகவும் வெளிவிடக் கூடாது என்பது சட்டம். நேரடியாக மீறுகிற குருவை அந்த நொடியிலேயே திருச்சபைக்குப் புறம்பாக்கும் தண்டனை பற்றிக்கொள்ளும்; அதை நீக்கும் அதிகாரம் உரோமைக்கு மட்டும். காதில் விழுந்ததை வைத்து அந்த மனிதரிடம் என் நடத்தையைக்கூட மாற்றிக்கொள்ள முடியாது. 1393இல் பிராகா நகரில் அரசன் வென்செஸ்லாஸ் ஆற்றில் எறியச் செய்த நெப்போமுக் யோவானை இந்த இரகசியத்தின் பாதுகாவலராக வணங்குகிறோம். கொலைகாரன் வந்தால், தானே போய் உண்மையை ஒப்புக்கொள்ளும்படி கெஞ்சுவேன். அவனுக்குப் பதில் வேறொருவர் சிறையில் இருந்தால் இன்னும் அழுத்திக் கெஞ்சுவேன். அதற்கு மேல் எனக்கு வழி இல்லை. இந்தக் கேள்வி பதில் பகுதியில் நான் பேசுகிற வாழ்க்கைகளும் கடிதத்தில் வந்தவை மட்டுமே; பாவசங்கீர்த்தனத்தில் கேட்டவை இல்லை.

கேள்வி: என் மகன் சவூதியில் வேலை செய்கிறான். அங்கே கோவில் கிடையாது. ஊரிலிருக்கும் சாமியிடம் வாட்ஸ்அப்பில் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?
(ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: முடியாது அம்மா. இருவரும் நேரில் இருக்க வேண்டும். ஆனால் மகன் கைவிடப்பட்டவன் இல்லை. தண்டனைக்குப் பயந்து மட்டும் வருந்தாமல், கடவுள்மேல் உள்ள அன்பினால் வருந்தி, வாய்ப்புக் கிடைத்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதியாக நினைத்தால், சாவான பாவமும், அதாவது கனமான பாவமும், அப்போதே மன்னிக்கப்படுகிறது. நீங்கள் சிறுவயதில் படித்த உத்தம மனஸ்தாபம் இதுதான். 2020இல் கொரோனாவால் கோவில்கள் பூட்டிக் கிடந்தபோது திருத்தந்தை பிரான்சிஸ் உலகம் முழுவதற்கும் இதை நினைவூட்டினார். உத்தம மனஸ்தாப மந்திரத்தை எழுதி இன்றே மகனுக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். விடுப்பில் வரும்போது மறக்காமல் கோவிலுக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: கல்யாணமான புதிதில், மாமியாரும் கணவரும் கட்டாயப்படுத்திக் கருவைக் கலைக்கவைத்தார்கள். இப்போது எனக்கு எழுபது வயதாகிறது. எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் மறுபடி சொல்கிறேன். மனம் ஆறவில்லை, சாமி.
(பெயர் வேண்டாம்)

பதில்: அம்மா, முதல் முறை சொன்னபோதே அது மன்னிக்கப்பட்டுவிட்டது. மறுபடி சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. “அன்று கேட்ட சாமிக்கு இந்தப் பாவத்தை மன்னிக்க அதிகாரம் இருந்ததோ” என்ற சந்தேகம் உங்களைப் போன்ற பலருக்கு உண்டு. முன்பு பல இடங்களில் இது ஆயருக்கு ஒதுக்கப்பட்டதாக இருந்தது உண்மை. 2016 நவம்பரில், திருச்சபை கொண்டாடிய இரக்கத்தின் ஆண்டு முடிந்தபோது, இதை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் திருத்தந்தை பிரான்சிஸ் நிலையாகக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். சந்தேகத்துக்கு இனி இடமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாவான பாவம் ஆவதற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும். அடிக்கும் மிரட்டலுக்கும் நடுவே நின்ற ஒரு சிறு பெண்ணின் சம்மதம் எவ்வளவு முழுமையானது என்பது ஆண்டவருக்குத் தெரியும். உங்களைக் கட்டாயப்படுத்தியவர்களுடைய பங்கையும் சேர்த்து நீங்களே சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

“மேற்கினின்று கிழக்கு எத்துணைத் தொலைவிலுள்ளதோ, அத்துணைத் தொலைவிற்கு நம் குற்றங்களை நம்மிடமிருந்து அவர் அகற்றுகின்றார்” என்கிறது 103ஆம் திருப்பாடல். உங்களைப் போன்ற தாய்மாருக்கு 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தனியாகவே எழுதினார்: நம்பிக்கை இழக்காதீர்கள், பிள்ளையை நம்பிக்கையோடு தந்தையின் இரக்கத்தில் ஒப்படையுங்கள் என்று. அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். துக்கம் பாவம் இல்லை. மனம் தாங்காவிட்டால் நம்பிக்கையான ஒரு அருள்சகோதரியிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள்.

வரும் தவக்காலத்தில் அந்தப் பழைய பாவத்தைச் சொல்ல வேண்டாம். அந்த வாரம் நடந்ததை மட்டும் சொல்லுங்கள், போதும்.