ஊர்வலம் போனால் வறுமை ஒழியுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணக்கார நாடுகள் ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும், உதவியைக் கூட்ட வேண்டும் என்று தொடர்ந்து எழுதுகிறீர்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள். அந்தப் பணமெல்லாம் அங்குள்ள ஊழல் ஆட்சியாளர்களின் பைக்குத்தானே போகிறது? அப்புறம், கையெழுத்து வாங்கியும் ஊர்வலம் போயும் எந்த அரசு மனம் மாறியிருக்கிறது? அந்த நேரத்தில் தெரிந்த ஓர் ஏழைக் குடும்பத்துக்கு உதவினால் பலன் கண்ணுக்குத் தெரியுமே.

எம்.

அன்புள்ள எம்.,

தெரிந்த குடும்பத்துக்கு அவசியம் உதவுங்கள். ஆனால் ஒரு நாட்டின் வரிப்பணத்தில் பெரும்பங்கு பழைய கடனுக்கே போய்க்கொண்டிருந்தால், அந்தக் குடும்பத்துக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டித்தர உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

ஊழலைப் பற்றிக் கேட்டீர்கள். சயீரை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) மொபுட்டு ஆண்ட காலத்தில், அந்நாட்டு மத்திய வங்கியைச் சீர்படுத்த எர்வின் புளூமெந்தால் என்ற ஜெர்மானிய அதிகாரியைப் பன்னாட்டு நிதியம் (ஐ.எம்.எஃப்.) அனுப்பியது. இங்கே ஊழல் ஊறிப்போயிருக்கிறது, கொடுத்த கடன் திரும்பி வர வாய்ப்பில்லை என்று அவர் எழுதிய அறிக்கை 1982ல் வந்தது. அதற்குப் பிறகும் கடன் போய்க்கொண்டேதான் இருந்தது. பனிப்போரில் மொபுட்டு மேற்கு நாடுகளுக்கு வேண்டப்பட்ட ஆளாயிற்றே! 1997ல் அவர் ஓடிப்போனார்; கடன் மக்கள் தலையில் நின்றது. திருடினவன் குற்றவாளிதான். தெரிந்தே அவனிடம் பணத்தைக் கொடுத்தவர், திருட்டுக் கொடுத்தவர்களிடமே வட்டியோடு வசூலிப்பது எந்த ஊர் நியாயம்? கடன் தள்ளுபடியைப் பிச்சை என்று நான் நினைக்காததற்குக் காரணம் இதுதான்.

இனி ஊர்வலம். 1998 மே 16 அன்று, ஜி8 என்ற வல்லரசு நாடுகளின் மாநாடு நடந்த இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஏறக்குறைய 70,000 பேர் கடன் தள்ளுபடி கேட்டுக் கைகோத்து நகரின் மையத்தைச் சுற்றி நின்றார்கள். ‘ஜூபிலி 2000’ என்ற அந்த இயக்கத்தைத் தொடங்கிவைத்தவர்கள், மார்ட்டின் டென்ட் என்ற பல்கலைக்கழக ஆசிரியரும் பில் பீட்டர்ஸ் என்ற ஓய்வுபெற்ற தூதரும். அன்று தலைவர்கள் ஊரிலேயே இல்லை, வெளியே ஒரு மாளிகைக்குப் போயிருந்தார்கள். பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் திரும்பி வந்து இயக்கத்தினரைச் சந்திக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த மாநாட்டில், ஏழை நாடுகளுக்கு ஏற்கெனவே இருந்த கடன் தள்ளுபடித் திட்டத்தை விரிவாக்க ஒப்புக்கொண்டார்கள். ஊர்வலம் மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். இடையில் ஜெர்மனியில் ஆட்சி மாறியதும் உதவியது. ஆனால் கேட்க ஆளில்லாமல் எந்த நிதியமைச்சரும் தானாகக் கடனைத் தள்ளியதில்லை.

2005ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வறுமையை ஒழிக்கக் கோரி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அந்த வாரம் கிளெனீகிள்ஸில் கூடிய ஜி8, தகுதியுள்ள ஏழை நாடுகள் உலக வங்கிக்கும் பன்னாட்டு நிதியத்துக்கும் தர வேண்டிய பழைய கடனை முழுமையாக நீக்கச் சம்மதித்தது. பலன் பெற்ற நாடுகளில் சாம்பியாவும் ஒன்று. 1990களில் இருந்து அங்கே அரசு மருத்துவமனையிலும் கட்டணம் இருந்தது. காய்ச்சலில் துவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்து வரும் தாய், நர்ஸ் பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் காசை எண்ணி வைக்க வேண்டும். காசில்லாதவர்கள் வருவதையே விட்டுவிட்டார்கள். 2006 ஏப்ரலில் கிராமப்புறங்களில் அந்தக் கட்டணம் ரத்தானது. நீங்கள் கேட்ட, கண்ணுக்குத் தெரிகிற பலன் இது.

அதே சாம்பியாவில் இன்னொன்றும் நடந்தது. விவசாய இயந்திரங்கள் வாங்க 1979ல் ருமேனியா கொடுத்த ஒரு கடனை, 1999ல் ஒரு தனியார் நிறுவனம் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு லண்டன் நீதிமன்றத்தில் 5.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2007ல், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. தள்ளுபடியில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கு இப்படிப் போனது. இத்தகைய நிறுவனங்களைப் பிணந்தின்னிக் கழுகு நிதிகள் என்றே அழைக்கிறார்கள். படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இயக்கத்தினர் விடவில்லை. 2010ல் பிரிட்டன் நாடாளுமன்றம், தள்ளுபடித் திட்டத்துக்குள் வரும் பழைய கடன்களுக்கு இப்படி அடாவடியாக வசூலிக்க முடியாதபடி சட்டம் கொண்டுவந்தது.

ஆனால் பெற்றது கையிலேயே நிற்பதில்லை. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவிக்கு ஒதுக்குவது 1970ல் ஐ.நா. பொதுச்சபை வைத்த இலக்கு. பிரிட்டன் 2013ல் அதை எட்டியது, 2015ல் சட்டமாகவும் ஆக்கியது. 2021ல் 0.5க்கு இறக்கியது, 2027ல் 0.3 ஆக்கப்போவதாக 2025ல் அறிவித்துவிட்டது. சாம்பியாவும் புதிய கடன்களில் சிக்கி, 2020 நவம்பரில் தவணை கட்ட முடியாமல் நின்றது. இந்த முறை கடன் கொடுத்தவர்களில் சீனாவும் தனியார் பத்திர முதலீட்டாளர்களும் முக்கியமானவர்கள். 2010ன் சட்டம் இந்தப் புதிய கடன்களைத் தொடாது.

ஏழை நாடுகளின் இத்தகைய கடன்பத்திரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்து அல்லது நியூயார்க் சட்டத்தின் கீழ் எழுதப்படுகின்றன. கடன் கொடுத்த தனியாரும் தள்ளுபடியில் பங்கேற்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலச் சட்டசபையில் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. அங்கே உங்களுக்கு உறவோ நட்போ இருந்தால், தங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.