துண்டு போட்டால் இடம் சொந்தமா? கண்டக்டரிடம் கேளுங்கள்

மதுரையிலிருந்து புறப்படும் பஸ்களில் 29 ஆண்டுகள் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், டிக்கெட் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அப்புறம் டிக்கெட் எதற்கு? நெரிசலில் கை நீட்டி வாங்குவதே பெரும்பாடாக இருக்கிறது. (அனுப்பானடி)

வாங்கியே ஆக வேண்டும் அம்மா. 2021 மே மாதம் இந்தத் திட்டம் தொடங்கியபோது நிறையப் பேர் இப்படித்தான் கேட்டார்கள். நீங்கள் காசு கொடுக்காவிட்டாலும் உங்கள் பயணத்துக்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குத் தருகிறது. நீங்கள் அந்த பஸ்ஸில் போனதற்கு அந்தக் கட்டணமில்லாச் சீட்டுதான் சாட்சி. நாற்பது பெண்கள் ஏறி இருபது பேர் சீட்டு வாங்கினால், கணக்கில் பஸ் பாதி காலியாக ஓடியதாகவே இருக்கும். நாளைக்கு அந்தத் தடத்தில் ஒரு நடையைக் குறைக்க அதுவே காரணமாகிவிடும். நடுவழியில் பரிசோதகர் ஏறினால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கண்டக்டர். சீட்டை வாங்குங்கள், இறங்கும்வரை கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று. இந்தச் சலுகை சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். புறநகர் பஸ்ஸில் ஏறிவிட்டு வாதாடாதீர்கள்.

கைப்பேசியில் பணம் போய்விட்டது, எந்திரத்தில் டிக்கெட் வரவில்லை. கண்டக்டர் மறுபடியும் காசு கேட்டார். யார் பக்கம் நியாயம்? (திருநகர்)

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கண்டக்டர் மேல் தவறில்லை. கட்டணத்தை அழுத்தியதும் எந்திரத்தில் கியூஆர் கட்டம் வரும். வங்கியிலிருந்து ‘பணம் வந்தது’ என்ற செய்தி எந்திரத்துக்குக் கிடைத்தால்தான் காகிதம் வெளியே வரும். சிக்னல் விட்டுவிட்டால் உங்கள் திரையில் பச்சை டிக் விழுந்தாலும் எந்திரம் அசையாது. காகிதம் வராதவரை நீங்கள் டிக்கெட் இல்லாத பயணிதான். பஸ் எண், நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படித் தவறும் பணம் பெரும்பாலும் தானே கணக்குக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் அந்த மூன்றையும் எழுதிக் கிளை மேலாளரிடம் கொடுங்கள். சட்டைப் பையில் ஐம்பது ரூபாய் சில்லறையாக எப்போதும் இருக்கட்டும்.

தேனி பஸ் எங்கே நிற்கும்? (செல்லூர்)

ஆரப்பாளையம்.

பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கிறார்கள். (பழங்காநத்தம்)

மறுக்கக் கூடாது. பதினான்கு வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்கள் அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. அதே நாணயத்தைப் பாக்கியாகக் கொடுத்தபோது வாங்க மறுத்த பயணிகள்தான் அதிகம்.

பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருகிறார்கள். வாங்க மறந்து இறங்கிவிடுகிறேன். (விளாங்குடி)

முதல் நடையில் பையில் சில்லறையே இருக்காது. முதலில் ஏறும் நான்கு பேரும் ஐந்நூறை நீட்டுவார்கள். அதனால்தான் பின்னால் ‘470’ என்று எழுதி ஒரு கோடு இழுத்துக் கொடுப்போம். அந்தச் சீட்டு தொலைந்தால் உங்கள் பணத்துக்கு ஆதாரமே இல்லை. படிக்கட்டில் நின்றுகொண்டு கேட்காதீர்கள். உங்கள் ஊருக்கு ஒரு ஸ்டேஜ் முன்பே கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், டிக்கெட்டைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் செருகாதீர்கள்.

ஆரப்பாளையத்தில் கோவை பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தேன். இருக்கை எண் போட்ட டிக்கெட்டோடு ஒருவர் வந்து எழுப்பிவிட்டார். முதலில் வந்தவன் நான் அல்லவா? (கே.புதூர்)

எழுந்ததுதான் சரி. அவர் இணையதளத்தில் முன்பதிவு செய்தவர். 90 நாட்களுக்கு முன்பே அந்த வாய்ப்பு உங்களுக்கும் இருந்தது. முன்பதிவு இல்லாத பஸ்ஸிலும் துண்டுக்கு எந்த உரிமையும் கிடையாது. கைக்குழந்தையோடு ஒரு பெண் படியேறி வரும்போது ஆளில்லாத இருக்கையில் ஒரு துண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். இடைநில்லா பஸ்களில் செய்வதுபோல எல்லாத் தொலைதூர பஸ்களுக்கும் நிலையத்திலேயே டிக்கெட் கொடுத்துவிட்டு ஏற்ற வேண்டும் என்பது என் கருத்து.

நிலையத்திலேயே எல்லா இடத்தையும் விற்றுவிட்டால் மேலூரில் ஏறும் நாங்கள் திருச்சிவரை நின்றுகொண்டே போவதா? (மேலூர்)

நியாயமான கேள்வி. என் பக்கத்தையும் கேளுங்கள். மாட்டுத்தாவணியில் வண்டி நகர்ந்ததும் டிக்கெட் போடத் தொடங்குவேன். ஒத்தக்கடையில் பத்துப் பேர் ஏறுவார்கள். மேலூர் வருவதற்குள் அத்தனை பேருக்கும் டிக்கெட் கொடுத்து, கம்பியில் சாய்ந்தபடி வே பில் என்கிற கணக்குத் தாளில் கடைசி டிக்கெட் எண்ணை எழுதி முடிக்க வேண்டும். அதற்குள் யாராவது விட்டுப்போனால் பழி என் மேல். நிலையத்திலேயே டிக்கெட் கொடுத்தால் இந்த அவதி இல்லை. ஆனாலும் உங்களுக்காகக் கடைசி நான்கு வரிசைகளை விற்காமல் விட்டுவிடலாம்.

நான்கு வரிசை எந்த மூலைக்கு? இப்போதே “மேலூர், துவரங்குறிச்சி கடைசியில் ஏறு” என்று எங்களை வெளியில் நிறுத்துகிறார்கள். (துவரங்குறிச்சி)

அப்படி நிறுத்துவது தவறு. நானும் சில நாள் அப்படிச் சொல்லியிருக்கிறேன், இப்போது வருத்தப்படுகிறேன். காசு கொடுக்கும் பயணியில் நெடுந்தூரம், குறுந்தூரம் என்ற பேதம் கூடாது. நான்கு வரிசை போதாது என்றால் ஆறு. திருச்சிக்கு முழு இடத்தையும் விற்கும் பஸ் தனி, ஊர் ஊராக நிற்கும் பஸ் தனி என்று பலகையிலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

என் மகன் இருக்கும் லண்டனில் பஸ்ஸில் ரொக்கமே வாங்குவதில்லையாம். இங்கே எப்போது? (கே.கே.நகர்)

அங்கே 2014 ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள். இங்கே நிறுத்தக் கூடாது ஐயா. விடிகாலை பஸ்ஸில் பூக்கூடையோடு மாட்டுத்தாவணிக்கு வரும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுப்பது கசங்கிய பத்து ரூபாய்த் தாள்தான். அட்டை வரட்டும், கைப்பேசி வரட்டும். அந்தத் தாளை வாங்கவும் ஒரு கை இருக்க வேண்டும்.

நான்கு வயதுக் குழந்தைக்கு? (சிம்மக்கல்)

ஐந்து வயதுக்குள் இலவசம். பிறகு பன்னிரண்டு வரை அரை டிக்கெட்.

கம்பம் போக வேண்டும், எங்கே ஏறுவது? (தெப்பக்குளம்)

தேனி வழியாகப் போகும் பஸ்தானே. மேலே செல்லூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

என்னை எழுப்பியவர் துண்டைக் கீழே எறிந்தார். அதுவும் சரியா? (மறுபடியும் கே.புதூர்)

இல்லை. மடித்துக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.