டைட் எண்ட்: முட்டுறவரா, பிடிக்கிறவரா?

கேள்வி: என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) மேட்ச் இப்பதான் பாக்க ஆரம்பிச்சிருக்கேன். டைட் எண்ட்னு ஒருத்தர், ஒரு தடவ முன்வரிசைல முட்டுற லைன்மேன் பக்கத்துல நின்னு முட்டித் தள்றார், அடுத்த தடவ ஓடிப்போய் பாஸ் பிடிக்கிறார். அவர் வேலதான் என்ன?

பதில்: ரெண்டும்தாங்க. உங்களுக்கு வந்த இதே குழப்பம் எதிர் டீமுக்கும் வரணும், அதுக்குத்தான் அவர நிறுத்துறாங்க. ஆறடி நாலு அஞ்சு அங்குலம், 110 கிலோ, இப்படி ஒருத்தர் ஓடி வந்தா யார விட்டு மறிக்கிறது? லைன்பேக்கர (கனமான தடுப்பாட்டக்காரன்) விட்டா ஓட்டத்துல பின்தங்கிருவான், சேஃப்டிய (பின்னால நிக்கிற, உடம்பு சின்ன தடுப்பாட்டக்காரன்) விட்டா அவன் தலைக்கு மேல கைய நீட்டி பந்த எடுத்துருவார், சரி சின்ன ஆளுங்கள கூடுதலா இறக்குவோம்னா உடனே ரன் ப்ளே (பாஸ் போடாம பந்தோட ஓடுற ஆட்டம்) போட்டு அவங்கள நசுக்கிருவாங்க. ஆன்டோனியோ கேட்ஸ்னு ஒரு டைட் எண்ட், காலேஜ் ஃபுட்பால்ல ஒரு மேட்ச்கூட ஆடல, கென்ட் ஸ்டேட்ல பேஸ்கட்பால் ஆடுன ஆள், டீம்கள் புது ஆட்டக்காரங்கள வரிசையா தேர்வு செய்ற டிராஃப்ட்லயும் யாரும் எடுக்கல, கடைசில 116 டச்டவுன் (பந்தோட எதிர் எல்லைக்குள்ள போய் எடுக்குற ஸ்கோர்). ரீபவுண்டுக்கு எதிராளிய முதுகால மறிச்சு நிப்பாங்கள்ல, அதையே இங்க செஞ்சார். இன்னொரு டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி வேற ரகம், ஹைஸ்கூல்ல பாஸ் எறியுற குவார்டர்பேக்கா இருந்தவர், அதனால டிஃபென்ஸ்ல எங்க ஓட்டை விழும்னு அவருக்குத் தெரியும், அங்க போய் சும்மா நின்னுடுவார் (பாக்க சோம்பேறித்தனமா இருக்கும்). 2020ல பாஸ் பிடிச்சே 1,416 யார்ட் எடுத்தார்.

கேள்வி: அப்போ சம்பளமும் வைடு ரிசீவர் (பாஸ் பிடிக்கன்னே ஓரமா நிக்கிறவர்) அளவுக்கு உண்டா?

பதில்: இதுக்குப் பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு. நியூ ஆர்லியன்ஸ் டைட் எண்ட் ஜிம்மி கிரஹாம் 2013ல 16 டச்டவுன் போட்டார். அடுத்த வருஷம் நியூ ஆர்லியன்ஸ் டீம் டைட் எண்ட் ரேட்ல டேக் (ஒரு வருஷத்துக்கு ஆள நிறுத்தி வைக்கிற நிர்ணய சம்பளம்) போட்டுச்சு, சுமார் 70 லட்சம் டாலர், ரிசீவர் ரேட்டோ 1.2 கோடிக்கு மேல. நான் மூணுல ரெண்டு பங்கு நேரம் லைன விட்டுத் தள்ளித்தான நிக்கிறேன், நான் ரிசீவர்தான்னு இவர் வாதாட, தகராற விசாரிச்ச நடுவர் ஒத்துக்கல. தள்ளி நின்னாலும் டைட் எண்ட் டைட் எண்ட்தான்னுட்டார். எனக்கென்னவோ இது அநியாயமாத்தான் படுது, பந்து வாங்க மட்டும் ரிசீவர், காசு வாங்கும்போது டைட் எண்டா? அந்த ஜூலைலயே 4 வருஷத்துக்கு 4 கோடி டாலர்னு பேசி முடிச்சாங்க. 2015 சீசனுக்கு முன்னாடி சியாட்டில் டீமுக்கு அனுப்பிட்டாங்க, அது தனிக்கதை.