ஸ்வால்பார்டில் மனிதர்கள் ஏன் ஊர் கட்டினார்கள்? அந்தச் சுரங்க ஊர்கள் இன்று என்ன ஆயின?

நிலக்கரி கிடைத்தது, அதனால் ஊர் வந்தது என்பது பாதிப் பதில்தான். கரியில் காசு பார்க்க முடியாத காலத்திலும் அந்த ஊர்களை ஏன் மூடாமல் வைத்திருந்தார்கள் என்று கேட்டால்தான் மீதி புரியும்.

ஸ்வால்பார்ட் என்பது நார்வேயின் வடகரைக்கும் வட துருவத்துக்கும் இடையில் இருக்கும் தீவுக்கூட்டம். பூர்வகுடிகள் என்று யாரும் அங்கே இருந்ததில்லை. 1596-இல் டச்சு மாலுமி வில்லெம் பேரன்ட்ஸ் பார்த்துச் சொன்ன பிறகு திமிங்கில வேட்டைக்காரர்கள் வந்தார்கள், எண்ணெய் காய்ச்சினார்கள், போனார்கள். 1901-இல் ஜான் மன்ரோ லாங்யர் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் குடும்பத்தோடு சுற்றுலாக் கப்பலில் வந்தார். ஏற்கெனவே சுரங்கத் தொழிலில் இருந்தவர், கரியைப் பார்த்ததும் விடவில்லை. 1906-இல் அவருடைய கம்பெனி சுரங்கத்தைத் தொடங்கியது. அவர் பெயரில்தான் இன்றும் லாங்யர்பியென் என்ற ஊர் இருக்கிறது. 1916-இல் அந்தச் சுரங்கத்தை ஸ்டோர் நோர்ஸ்கே என்ற நார்வே கம்பெனி வாங்கியது.

இங்கே கரிக்காகப் பூமிக்குள் கிணறு போல இறங்க வேண்டியதில்லை. கரிப்படுகை மலைச்சரிவின் நடு உயரத்தில் கிடக்கிறது. பக்கவாட்டில் குடைந்து உள்ளே போக வேண்டும். படுகை மெல்லியது என்பதால் பல இடங்களில் படுத்துக்கொண்டுதான் வெட்டினார்கள். வெட்டிய கரி கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகளில் துறைமுகத்துக்கு இறங்கும். வடத்தைத் தாங்கிய மரக் கோபுரங்கள் இன்னும் ஊரைச் சுற்றி நிற்கின்றன. அப்போது குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும், கப்பல் வராது. ஆகவே மாதக்கணக்கில் கரியைக் குவித்து வைத்துக் கோடையில் ஏற்றுவார்கள்.

சரி, அந்த நிலம் யாருடையது? 1920 பாரிஸ் ஒப்பந்தம் வரை யாருடையதும் இல்லை. ஒப்பந்தம் இறையாண்மையை நார்வேக்குக் கொடுத்தது. கூடவே, கையெழுத்திட்ட எல்லா நாட்டுக் குடிமக்களும் அங்கே சமமாகத் தொழில் செய்யலாம் என்றது. 1925-இல் அது நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாக இந்தியாவும் அதில் உண்டு. நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008-இல் அங்கே திறக்கப்பட்டதற்கு இந்தப் பழைய கையெழுத்தும் துணை.

அந்தச் சம உரிமையை முழுசாகப் பயன்படுத்தியது சோவியத் யூனியன். ஸ்வீடன்காரர்களிடமிருந்து பிரமிடனையும், 1932-இல் டச்சுக்காரர்களிடமிருந்து பேரன்ட்ஸ்பர்கையும் சுரங்க ஊர்களாக வாங்கியது. பனிப்போர்க் காலத்தில் நேட்டோ நாடான நார்வேயின் மண்ணில் நார்வேக்காரர்களைவிட சோவியத் ஆட்கள் அதிகம்! இரண்டு தரப்புமே கரியை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு ஆளை நிறுத்தி வைத்திருந்தன என்றுதான் நான் சொல்வேன்.

கோடையில் படகில் பிரமிடன் போயிருக்கிறேன். நீச்சல்குளம், பண்பாட்டு மாளிகை, பொது உணவுக்கூடம், லெனின் சிலை என்று ஒரு முழு நகரம். 1998-இல் சுரங்கத்தை மூடியதும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, சோவியத் கலைந்து பணமும் வற்றிப்போயிருந்த நேரத்தில், சுரங்கத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் வந்த விமானம் லாங்யர்பியென் அருகே மலையில் மோதி 141 பேரும் இறந்தார்கள்.

நார்வே பக்கமும் விலை கொடுத்தது. 1920 ஜனவரியில் லாங்யர்பியென் சுரங்க வெடிப்பில் 26 பேர் இறந்தார்கள். நீ-ஓலெசுண்ட் என்ற இன்னொரு நார்வே சுரங்க ஊரில் விபத்துமேல் விபத்து. 1962 நவம்பரில் 21 பேர் இறந்தார்கள். அந்தச் சுரங்கம் அரசுக் கம்பெனியுடையது என்பதால் விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போய், 1963-இல் பிரதமர் ஐனார் கெர்ஹார்ட்சனின் ஆட்சியே கவிழ்ந்தது. நாலு வாரத்தில் அவர் திரும்பி வந்துவிட்டார் என்பது வேறு கதை. நீ-ஓலெசுண்டில் அதன்பின் கரி வெட்டவில்லை. இன்று அது ஆய்வாளர்களின் கிராமம், ஹிமாத்ரியும் அங்கேதான்.

லாங்யர்பியெனில் அந்தக் காலத்தில் வீடு, கடை எல்லாமே கம்பெனியுடையவை. பணம்கூடக் கம்பெனி அச்சடித்த நோட்டுதான், 1980 வரை! அதிகாரிகள் ஒரு பக்கம், தொழிலாளர்கள் பள்ளத்தாக்கின் மேல்கோடியில். விமான நிலையம் 1975-இல்தான் வந்தது. ஹோட்டலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் வழக்கம் கரித்தூசியால் வந்தது. நம்மவர்களுக்குச் சிரமமே இருக்காது.

இப்போது நார்வே கரி வெட்டுவதை நிறுத்திவிட்டது. ஸ்வேயா சுரங்க ஊரை அடையாளமே தெரியாமல் பிரித்தெடுத்து நிலத்தை இயற்கையிடம் திருப்பிக் கொடுத்தார்கள். லாங்யர்பியென் மின்நிலையம் 2023-இல் டீசலுக்கு மாறியது. நார்வேயின் கடைசிச் சுரங்கமான 7-ஆம் எண் 2025 ஜூனில் மூடப்பட்டது. பேரன்ட்ஸ்பர்கில் ரஷ்யர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கரி போனாலும் கொடி போகவில்லை. லாங்யர்பியெனில் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் மக்கள் உட்பட வெளிநாட்டவர் கணிசமாக வாழ்கிறார்கள். ஆனால் 2022 முதல் உள்ளாட்சித் தேர்தலில் வெளிநாட்டவர் வாக்களிக்க, நார்வே பெருநிலத்தில் மூன்று ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள்.

விசா இல்லாமல் போய்க் குடியேறலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம், ஆனால் விமானம் நார்வே வழியாகத்தான் போகும், அதற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். வேலையோடு வீடும் உறுதியான பிறகு கிளம்புங்கள். கையில் காசில்லாதவர்களை ஆளுநர் திருப்பி அனுப்பலாம்.