முடித்த எம்பிராய்டரி வேலைகளை மற்றவர்களிடம் எப்படிக் காட்டுகிறீர்கள்?

கேள்வி: மூன்று வருடமாகப் பொழுதுபோக்காக எம்பிராய்டரியும், கேன்வாஸ் கட்டங்களை நூலால் நிரப்பித் தைக்கும் நீடில்பாயிண்ட்டும் செய்கிறேன். 11 வேலைகள் முடித்து எல்லாம் பெட்டிக்குள் கிடக்கின்றன. யாரிடமும் காட்டக் கூச்சம். நீங்கள் முடித்தவற்றை என்ன செய்கிறீர்கள்?

பெட்டி விஷயத்தில் நான் உங்களுக்கு மூத்தவள். என் இழுப்பறையில் ஒரு காலத்தில் இருபது கிடந்தன. எல்லாம் முடித்தவை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சித்தி, "முடிச்சதை எல்லாம் எடும்மா, பார்க்கலாம்" என்றார். எடுத்துப் பரப்பினேன். ஒன்றில் பேனாக் கோடு தெரிகிறது. இன்னொன்றில், தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் பதிந்த இடம் வட்டமாக அழுக்கேறி நிற்கிறது. நான் பெருமையாக நினைத்திருந்த மீன்கொத்திக்குக் கண்ணே இல்லை! துணி மேல் புள்ளி போலப் புடைத்து நிற்கும் ஒரே ஒரு பிரெஞ்சு முடிச்சு, நாளைக்குப் போடலாம் என்று விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

தைப்பது எனக்குப் பிடிக்கும். தைத்த பிறகு வரும் வேலை பிடிக்காது. கழுவ வேண்டும், இஸ்திரி போட வேண்டும், அட்டையில் இழுத்துக் கட்ட வேண்டும். இதையெல்லாம் என்னைச் செய்ய வைப்பது ஒன்றுதான்: யாரோ பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. அதனால் என் பதில் கொஞ்சம் தலைகீழாக இருக்கும். முடித்துவிட்டுக் காட்டலாம் என்று காத்திருக்காதீர்கள். இன்னாரிடம் இந்த நாளில் காட்டுகிறேன் என்று முதலில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு தானாகவே முடிப்பீர்கள். நான் அப்படித்தான் அந்த இருபதில் பதினாறை ஒரே வருடத்தில் வெளியே கொண்டுவந்தேன். மீதி நான்கு காட்டும் தரத்தில் இல்லை. அவை பயிற்சித் துணிகள் என்று ஒப்புக்கொண்டு ஒதுக்கிவிட்டேன், மனசும் லேசானது.

ஆனால் அவசரத்தில் முடிக்காதீர்கள். தங்கை குழந்தைக்காக ஒரு பருத்தித் துணியில் பெயரைச் சங்கிலித் தையலில் போட்டிருந்தேன். தண்ணீரில் மறையும் நீலப் பேனாவால் வரைந்தது. கொடுக்கப் போகும் காலையில், கழுவாமல் நேரே இஸ்திரி போட்டுவிட்டேன். அந்தப் பேனா மைக்குச் சூடு ஆகாது. சூடு பட்டால் கோடு துணியிலேயே நிலைத்துவிடும். எழுத்தைச் சுற்றிப் பழுப்பாய் ஒரு நிழல். அழுகை வந்தது. அப்புறம் உட்கார்ந்து, கோடு தெரிந்த இடத்தில் எல்லாம் ஆறு இலைகளைத் தைத்து மூடினேன். தங்கை பார்த்ததும் சொன்னது: "எழுத்தை விட அந்த இலைதான் ரொம்ப அழகா இருக்கு அக்கா."

இதற்கு நேர்மாறான இன்னொரு பேனா இருக்கிறது, சூடு காட்டினால் கோடு மறையும் வகை. பார்க்க மாயம் போல இருக்கும். ஆனால் நல்ல குளிர் பட்டால் அந்தக் கோடு திரும்பி வரக்கூடும். பரிசாகக் கொடுக்கும் எதிலும் நான் அதைத் தொடுவதில்லை.

கழுவுவதில் பெரிய வித்தை இல்லை. குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, கசக்காமல் அலசல், பிழியாமல் துவாலையில் சுருட்டி ஈரத்தை எடுத்தல். சிவப்பு நூல் சாயம் விட்டால் மட்டும் பதறாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். சாயம் விடுவது நிற்கும்வரை துணியைக் காயவோ இஸ்திரிப் பெட்டியின் பக்கம் போகவோ விடக்கூடாது. இஸ்திரி போடும்போது தடித்த துவாலையை விரித்து, தைத்த முகம் கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கம் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிரெஞ்சு முடிச்சுகள் எல்லாம் சப்பையாகிவிடும். சரி, இது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் நீடில்பாயிண்ட்டும் செய்கிறேன் என்று சொன்னதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேன்வாஸ் வேலையைப் பலரும் காட்டத் தயங்குவதற்குக் காரணம் அது கோணிப்போவதுதான். என் முதல் மெத்தைத் திண்டு சதுரமாகத் தொடங்கி, சாய்சதுரமாக முடிந்தது. கை சரியில்லை என்று நினைத்து மூலையில் போட்டுவிட்டேன். கை மேல் குற்றமில்லை. எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாய்ந்து விழுவதால் கேன்வாஸை அந்தப் பக்கமே இழுக்கிறது. வரிசை வரிசையாகப் போகும் அரைக்குறுக்குத் தையலிலும் கான்டினென்டல் முறையிலும் இது அதிகம். மூலைவாட்டில் ஏறி இறங்கும் பாஸ்கெட்வீவ் முறையில் மிகக் குறைவு. அதில் பின்பக்கம் கூடை பின்னியது போல நூல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நூல்தான் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

ஏற்கெனவே கோணியதை நேராக்கலாம். நூலோ வரைந்த மையோ சாயம் விடாது என்று ஓரத்தில் சோதித்துக்கொண்டு, கேன்வாஸை ஈரமாக்குங்கள். மரப்பலகையில் ஒரு சரியான சதுரம் வரைந்து, அந்தக் கோட்டுக்கு இழுத்து, துருப்பிடிக்காத ஊசிகளை நெருக்கமாகக் குத்தி, முழுவதும் காயும்வரை விட்டுவிட வேண்டும். எனக்கு இரண்டு நாள் ஆனது. முதல் முறை பாதி நேரானது. மறுபடி நனைத்து இழுத்த பிறகு முக்கால்வாசி வந்தது. மீதிக்கால் கோணல் இன்றைக்கும் இருக்கிறது, அதன் மேல்தான் சாய்ந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

சின்னச் சின்னக் கேன்வாஸ் துண்டுகளை என்ன செய்வது என்றும் ஒரு குழப்பம் வரும். இதற்கு நான் வழி கண்டது ஒரு பழைய வேலையிலிருந்து. ஸ்காட்லாந்து அரசி மேரி 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் காவலில் இருந்தபோது, ஹார்ட்விக்கின் பெஸ் என்ற பிரபுகுலப் பெண்ணும் அவரும் மற்றவர்களும் தைத்த பறவைகள், விலங்குகள், செடிகள் எல்லாம் தனித்தனிச் சின்னக் கேன்வாஸ் துண்டுகள்தான். அவற்றைப் பச்சை வெல்வெட்டில் பதித்துத் தைத்துப் பெரிய தொங்கல்களாக்கினார்கள். ஆக்ஸ்பர்க் தொங்கல்கள் என்று பெயர். அதைப் படத்தில் பார்த்த பிறகுதான், என்னிடம் உதிரியாகக் கிடந்த ஐந்து துண்டுகளை ஒரு தடித்த துணியில் பதித்தேன். தனியாக ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரிந்தது. சேர்த்து மாட்டியபோது வீட்டுக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

எம்பிராய்டரிக்கு மலிவான சட்டம் நீங்கள் தைத்த வளையமேதான். துணியை இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டுச் சுருக்கி, பின்னால் ஒரு ஃபெல்ட் துண்டால் மூடினால் போதும். பெரிய வேலை என்றால், அமிலம் இல்லாத அட்டையில் பின்பக்கம் குறுக்கும் நெடுக்கும் நூலால் இழுத்துக் கட்டுவேன். பசை வேண்டாம், வருடங்கள் போனால் மஞ்சளாகிவிடும். கண்ணாடி போட்டால் அது தையலைத் தொடக்கூடாது. இதற்கெல்லாம் சுற்றிலும் மூன்று அங்குலத் துணி வேண்டும். அரை அங்குலம் விட்டுத் தைத்துவிட்டு, பிறகு ஒட்டுத்துணி சேர்த்து அவதிப்பட்ட அனுபவம் இருக்கிறது. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை.

இப்போது கூச்சத்துக்கு வருகிறேன். உங்கள் பயத்தில் பாதி பின்பக்கத்தைப் பற்றியதாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். தைக்கத் தெரிந்தவர்கள் வாங்கியவுடன் திருப்பிப் பார்ப்பார்கள். சித்தியும் பார்த்தார். "இதென்ன, காக்காய்க் கூடா?" என்றார். எனக்கு அன்று முகம் சுருங்கியது. இப்போது தோன்றுவது: பின்பக்கம் இரண்டு இடங்களில்தான் முக்கியம். வெளிர் துணியில் அடர்நிற நூலைப் பின்னால் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு இழுத்துக்கொண்டு போனால் முன்னால் நிழலாகத் தெரியும். முடிச்சுகள் தடித்திருந்தால் சட்டத்தில் மேடு தட்டும். மற்றபடி அது உங்கள் சொந்த விஷயம். ஆனாலும் திருப்பிப் பார்ப்பவர்களை இப்போது நான் குறை சொல்வதில்லை. பாயூ டேபஸ்ட்ரியையே திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்! ஏறக்குறைய 70 மீட்டர் நீளமுள்ள 11ஆம் நூற்றாண்டு வேலை அது. பெயரில்தான் டேபஸ்ட்ரி, அதாவது தறியில் நெய்த படத்திரை; உண்மையில் லினன் துணியில் கம்பளி நூலால் செய்த எம்பிராய்டரி. 1982, 83இல் அதன் பின்பக்கத்தை ஆராய்ந்தார்கள். எப்படித் தைத்தார்கள் என்ற கதை அங்கேதானே இருக்கிறது.

பிறகு, கொடுக்கும்போதே குறை சொல்லும் பழக்கம். எனக்கு அது பலமாக இருந்தது. தோழி ஒருத்திக்கு ஒரு பூங்கொத்து தைத்துக் கொடுக்கும்போது, "இந்த ஒரு இலை மட்டும் சரியா வரலை" என்று நானே சுட்டிக்காட்டினேன். மாதங்கள் கழித்து அவள் சிரித்துக்கொண்டே, "எப்பப் பார்த்தாலும் அந்த இலைதான்டி கண்ணுல படுது" என்றாள். அவளாக அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டாள். தைக்காதவர்களிடம் தவறுகளைச் சொல்லாதீர்கள். தைப்பவர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள், அவர்களுக்கு அதுதான் சுவாரஸ்யம். எத்தனை இழை, என்ன துணி, எங்கே பிரித்துத் தைத்தீர்கள் என்று கேட்கத்தான் அவர்கள் வருகிறார்கள். ஆறு இழை நூலில் இரண்டு எடுத்தீர்களா மூன்றா என்ற பேச்சே அரை மணி நேரம் ஓடும்.

தூரத்தில் இருப்பவர்களுக்குப் படம் எடுத்து அனுப்புவது தனிக் கலை. நான் பார்க்கும் பெரும்பாலான படங்கள் வேலைக்கு அநியாயம் செய்கின்றன. ராத்திரி விளக்கில், ஃபிளாஷ் போட்டு, கோணலாக எடுப்பதால் வரும் வினை. ஃபிளாஷ் நேராக அடித்தால் தையலின் மேடுபள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். பகலில் ஜன்னல் அருகே, நேர்வெயில் படாத இடத்தில், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து விழும்படி வைத்துப் பாருங்கள். சாட்டின் தையலின் மினுமினுப்பும் முடிச்சுகளின் நிழலும் அப்போதுதான் எழுந்து வரும். கண்ணாடி போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் ஓர் ஊசியையோ நூல்கண்டையோ வைத்தால் அளவு புரியும். உள்ளங்கை அளவு வேலையைச் சுவர் அளவு என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. முழுப்படம் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, போதும்.

வேறொருவர் வடிவமைத்த படத்தைத் தைத்திருந்தால் அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் அவருடைய கட்டப்படத்தைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். யாராவது கேட்டால், எங்கே வாங்கினீர்கள் என்று சொன்னால் போதும். இதில் நான் கறார்.

உங்கள் பெயரையும் விடாதீர்கள். பாயூ டேபஸ்ட்ரியை இத்தனை மீட்டர் தைத்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு பயிற்சித் துணி இருக்கிறது. அதில் ஜேன் போஸ்டாக் என்ற பெண் தன் பெயரையும் 1598 என்ற வருடத்தையும் தைத்து வைத்திருக்கிறார். ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை மதியத்துக்குப் பின் பிறந்தாள் என்பதையும் சேர்த்துத் தைத்திருக்கிறார். நானூறு வருடத்துக்குப் பிறகும் அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படியே இருக்கிறது. அதைப் படித்த பிறகு நானும் ஒற்றை இழையில், துணி நிறத்துக்குக் கொஞ்சம் அடர்ந்த நூலில், கீழ் மூலையில் என் பெயரின் முதல் எழுத்தையும் வருடத்தையும் போடுகிறேன்.

காட்டத் தொடங்கினால் வரும் தொல்லை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "எனக்கும் ஒண்ணு செஞ்சு தாயேன்" என்பார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாம், வாக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 140க்கு 98 தையல் அளவுள்ள ஒரு கிராஸ் ஸ்டிச் படம், அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணியில் வெறும் 10க்கு 7 அங்குலம்தான் வரும். ஆனால் கட்டம் முழுக்க நிரப்பினால் 13,720 தையல்கள். என் வேகம் மணிக்கு 100 தையல் போல. 130 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சிரித்தபடி சொல்வேன். பாதிப் பேர் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதிப் பேரிடம், "வாங்க, நான் சொல்லித் தர்றேன்" என்பேன். அதில் இரண்டு பேர் உண்மையாகவே வந்தார்கள், ஒருத்தி இப்போது என்னைவிட நன்றாக நிழல் கொடுத்துத் தைக்கிறாள். கொஞ்சம் பொறாமைதான்.

உங்கள் 11இல் எதை முதலில் எடுப்பது? மிகச் சிறந்ததை வேண்டாம், அதற்கு யாராவது ஏதாவது சொன்னால் தாங்காது. மிகச் சிறியதை எடுங்கள். அலசி, தேய்த்து, வளையத்திலேயே மாட்டி, தைக்கத் தெரியாத ஒருவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு அந்த இலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.